நாயும் மிங்க்கும்: ஒரு கூட்டு வேட்டையும் அதன் நியாயமும்



முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு நாய் ஒரு மணி நேரத்தில் இரண்டு எலிகளைப் பிடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வேறொரு சிறு பிராணியும் அதே நேரத்தில் இரண்டு எலிகளைப் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்து விட்டால் எத்தனை எலிகள் பிடிபடும்?

"நான்கு" என்று உடனே சொல்வீர்கள். கணக்கு வகுப்பில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் உண்டு. உயிரியலில் அப்படியில்லை. நாய் எலியை விட்டுவிட்டு அந்தச் சிறு பிராணியைக் கடித்துக் குதறிவிட்டால் விடை பூஜ்யம். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வேலை செய்தால் விடை நான்கைத் தாண்டும். இது எப்படி? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். பார்த்து முடித்ததும், இப்படி விலங்கைக் கொண்டு விலங்கைக் கொல்வது சரியா என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். என் கருத்தை நான் சொல்கிறேன். உங்கள் கருத்தை நீங்கள் தீர்மானியுங்கள்.

கால்வாய்க் கரையில்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. மழை குறைவான வறண்ட பூமி. மலைகளில் உறைந்த பனி உருகி வரும் நீரைக் கால்வாய்களில் கொண்டுவந்துதான் அங்கே பயிர் செய்கிறார்கள். எனவே கால்வாய்க் கரை உடைந்தால் விவசாயிக்கு வயிற்றில் அடி.

கரையை உடைப்பது யார்? பெரும்பாலும் மஸ்க்ராட் என்னும் கொறிக்கும் பிராணி. (நம் வீட்டு மூஞ்சூறையும் ஆங்கிலத்தில் சிலர் இந்தப் பெயரால் குறிப்பிடுவதுண்டு. இரண்டும் வேறு வேறு.) ஒரு கிலோவுக்கு முன்பின் எடையுள்ள இந்தப் பிராணி நன்றாக நீந்தும். நீர் மட்டத்துக்குக் கீழே வாசல் வைத்து, கரைக்குள் மேல்நோக்கிச் சுரங்கம் தோண்டி, நீருக்கு மேலே உலர்ந்த அறை அமைத்து வாழும். வெளியிலிருந்து பார்த்தால் கரை கெட்டியாகத்தான் தெரியும். உள்ளே பொந்து. ஒருநாள் நீரின் அழுத்தம் தாங்காமல் கரை சரிந்துவிடும்.

இந்த மஸ்க்ராட்டுகளையும், பண்ணைகளில் பெருகும் எலிகளையும் பிடிக்க அங்கே ஒரு புதுமையான வழி வந்திருக்கிறது. யூட்டாவைச் சேர்ந்த ஜோசஃப் கார்ட்டர் என்பவர் மிங்க் என்னும் பிராணியைப் பழக்கி, நாய்களோடு சேர்த்து வேட்டைக்குக் கொண்டு போகிறார். இந்தக் கலையைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார்.

மிங்க் என்பது யார்?

மிங்க்கைப் பார்த்தால் நம் கீரி என்றே எண்ணிவிடுவீர்கள். நீண்ட மெல்லிய உடல், குட்டைக் கால்கள், துறுதுறுவென்ற பார்வை. ஆனால் கீரிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. மிங்க் நம் காவிரியில் வாழும் நீர்நாயின் உறவினர். ஆண் மிங்க் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. நீரில் மூழ்கி வேட்டையாடும். நீருக்கடியில் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும் என்றாலும், அந்த நேரம் அதற்குப் போதும்.

வட அமெரிக்காவில் மிங்க் பிறப்பிலேயே மஸ்க்ராட்டின் எதிரி. கனடாவில் ஹட்சன் விரிகுடா கம்பெனி என்ற தோல் வியாபார நிறுவனம் பல ஆண்டுகளாக எழுதி வைத்த கொள்முதல் கணக்குகளை விஞ்ஞானிகள் புரட்டிப் பார்த்தார்கள். பல இடங்களில் மஸ்க்ராட் பெருகினால் சிறிது காலம் கழித்து மிங்க்கும் பெருகுகிறது. மஸ்க்ராட் குறைந்தால் மிங்க்கும் குறைகிறது. இரையும் இரைகொல்லியும் ஒன்றையொன்று தொடர்ந்து ஏறி இறங்குவதை ஒரு கம்பெனியின் பேரேடு காட்டிக் கொடுத்தது!

தன்னளவு எடையுள்ள மஸ்க்ராட்டோடு அதன் வளைக்குள்ளேயே போய்ச் சண்டையிட மிங்க் தயங்குவதில்லை. பிடரியில் கடித்துக் கொல்வது அதன் வழக்கம். மஸ்க்ராட்டின் முன்பற்களும் உளி போன்றவை. ஆகவே மிங்க்குக்கும் காயம் படுவதுண்டு.

இரண்டு கதவுகள்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். எலியைப் போன்ற சிறு பிராணி உயிர் பிழைக்க இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது. ஒன்று, வளைக்குள் பதுங்குவது. மற்றொன்று, வெளியே ஓடித் தப்புவது. இவற்றை இரண்டு கதவுகள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் எலி முதல் கதவைத் திறந்து வளைக்குள் புகுந்துவிடும். நாயின் உடல் அதற்குள் நுழையாது. மிங்க் துரத்தினால் எலி இரண்டாவது கதவைத் திறந்து வெளியே பாய்ந்துவிடும். சமவெளி ஓட்டத்தில் மிங்க் ஒரு பெரிய வீரனல்ல. ஆக, தனியாக வரும் எந்த எதிரிக்கும் எலியிடம் ஒரு பதில் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து வந்தால்? வளைக்குள் மிங்க், வாசலில் நாய். மிங்க்கிடமிருந்து தப்ப எலி எடுக்கும் சரியான முடிவே அதை நாயின் வாயில் கொண்டு போய்ச் சேர்க்கிறது. நாயிடமிருந்து தப்ப எடுக்கும் சரியான முடிவோ மிங்க்கின் பல்லில். இதனால்தான் இரண்டும் இரண்டும் நான்கைத் தாண்டுகின்றன.

நாயின் பங்கு இதோடு நிற்பதில்லை. நம் மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் சுமார் 50 முதல் 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கரையில் நூறு பொந்துகள் இருக்கலாம். எதில் ஆள் இருக்கிறது, எது காலி வீடு என்பதை நாயின் மூக்கு சொல்லிவிடும். மிங்க்கை நூறு பொந்துக்குள்ளும் விட்டு அதன் பலத்தை வீணாக்க வேண்டியதில்லை. நாய் கண்டுபிடிக்கும், மிங்க் உள்ளே போகும், வெளியே வருவதை நாய் பிடிக்கும். மனிதன் செய்வது என்ன? இருவரையும் தகுந்த நேரத்தில் தகுந்த இடத்தில் நிறுத்துவதுதான்.

இயற்கையில் இதற்கு முன்னோடிகள்

"இது மனிதனின் மூளையில் உதித்த தந்திரம்" என்று பெருமைப்பட்டு விடாதீர்கள். அமெரிக்கப் புல்வெளிகளில் பேட்ஜர் என்றொரு பிராணி உண்டு. மண் தோண்டுவதில் சூரன். கயோட்டி என்பது நரி இனத்துக்கு உறவான ஓர் ஓட்டக்காரன். இவை இரண்டும் சேர்ந்து தரை அணில்களை வேட்டையாடுவதை அங்குள்ள பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். வயோமிங் மாநிலத்தில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், பேட்ஜரோடு சேர்ந்த கயோட்டி தனியாகத் திரியும் கயோட்டியை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக அணில்களைப் பிடித்ததாகக் கணக்குக் காட்டினார்கள். அதே இரண்டு கதவுகள்!

கடலிலும் இந்தக் கூட்டணி உண்டு. செங்கடலில் களவா இன மீன் ஒன்று, பாறை இடுக்கில் வாழும் மொரே விலாங்கின் முன்னே போய்த் தலையை ஆட்டி அதை வேட்டைக்கு அழைப்பதை 2006-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். களவா திறந்த நீரில் காவல் காக்கும். விலாங்கு இடுக்குகளில் புகும். ஒப்பந்தப் பத்திரமும் கிடையாது, பங்குச் சண்டையும் கிடையாது. எது பிடித்ததோ அதுவே விழுங்கிவிடும்!

மனிதனும் இதில் புதியவனல்ல. மிங்க்கின் தூரத்து உறவினரான ஃபெரெட் என்னும் பிராணியை முயல் வளைக்குள் விடும் பழக்கம் ஐரோப்பாவில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோவும், ரோமானிய எழுத்தாளர் பிளினியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஃபெரெட் பல நூற்றாண்டுகளாக வீட்டில் வளர்ந்த பிராணி. மிங்க் அப்படியல்ல.

பழக்குவது எப்படி?

காட்டு மிங்க் தனிமை விரும்பி. நாய்க்குத் தலைவன் உண்டு, கூட்டம் உண்டு, எஜமானனின் முகம் வாடினால் அதன் வாலும் தாழும். மிங்க்குக்கு இவை ஒன்றும் கிடையாது. அதட்டினாலோ அடித்தாலோ அது கற்பது ஒரே பாடம்தான்: இந்த மனிதன் ஆபத்தானவன். அதன்பின் அது கடிக்கும், அல்லது ஓடிவிடும். எனவே குட்டியாக இருக்கும்போதே கையில் எடுத்துப் பழக்கி, கூப்பிட்டதும் வந்தால் இரை என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்பினால் வருகிறதா, பசியினால் வருகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் பசியினால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் சுபாவத்தை மதித்துச் செய்யும் ஒப்பந்தம் அது.

நாய்க்குப் பாடம் வேறு. சிறிதாக, ரோமத்தோடு, வேகமாக ஓடுவதைப் பிடி என்று அதன் இரத்தம் சொல்கிறது. மிங்க்கும் சிறியது, ரோமமுள்ளது, வேகமாக ஓடுவது. "இந்த ஒன்றைத் தவிர" என்ற விதிவிலக்கை நாய் கற்றாக வேண்டும். வேட்டையின் உச்சகட்டத்தில், சேறும் நீரும் கலங்கிக் கிடக்கும்போது, ஒரு நொடிக்குள் எது எலி, எது நண்பன் என்று நாய் முடிவு செய்ய வேண்டும். இந்த ஓர் அடக்கம் இல்லாவிட்டால் மற்ற எல்லாத் திறமையும் வீண். நம் கணக்கின் விடை பூஜ்யமாவது இங்கேதான்.

இது கொடுமை இல்லையா?

இப்போது முக்கியமான கேள்வி. "எலியும் ஓர் உயிர்தானே? அதைக் கடித்துக் கொல்ல இரண்டு மிருகங்களை ஏவுவது கொடுமை இல்லையா?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கேட்காதவன் விஞ்ஞான மாணவனாக இருக்கலாம். நல்ல மாணவனாக இருக்க முடியாது.

எலி சாகாமல் இருக்க வழி இருந்தால் அதுதான் முதல் வழி. களஞ்சியத்தைக் கெட்டியாகக் கட்டுவது, தானியத்தைச் சிந்தாமல் வைப்பது, கரையைக் கல்லால் பலப்படுத்துவது ஆகியவையே சிறந்தவை. அவை போதாத இடத்தில்தான் கொல்லும் பேச்சு எழுகிறது. அப்போது நாம் ஒப்பிட வேண்டியது, கொல்லும் வழிகளில் எது குறைந்த தீமை என்பதை.

உலகெங்கும் பரவலாக உள்ள வழி விஷம். 1948-ஆம் ஆண்டை ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த வார்ஃபரின் முதலிய மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் மறுபடி பயன்படாமல் செய்துவிடுகின்றன. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. உடலுக்குள் இரத்தம் கசிந்து, சில நாட்கள் கழித்துச் சாகிறது. அதற்குள் மெதுவாக நகரும் அந்த எலியை ஓர் ஆந்தை பிடித்துத் தின்றால்? பின்னால் வந்த வீரியம் மிக்க மருந்துகள் ஈரலில் நெடுநாள் தங்குபவை. எலிக்கு வைத்த விஷம் ஆந்தையின் ஈரலிலும் போய்ச் சேருகிறது. எலி பிடிப்பதற்கென்றே இயற்கை படைத்த பறவையை எலிமருந்தால் கொல்கிறோம்! போதாததற்கு, 1958-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தோன்றிவிட்டன.

மிங்க்கின் கடியோ நாயின் கடியோ இன்பமானதல்ல. ஆனால் நாள் கணக்கில் நீடிப்பதில்லை. மண்ணிலும் நீரிலும் எதையும் மிச்சம் வைப்பதில்லை. வழியில் போகும் ஆந்தையைத் தொடுவதில்லை. எனவே கரை காக்கவும் களஞ்சியம் காக்கவும், மிங்க் இயற்கையாகவே வாழும் நாட்டில், இந்த வழி விஷத்தை விட மேலானது என்பது என் கருத்து.

ஆனால் அதே நாய், அதே மிங்க், அதே திறமையோடு யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு பிராணியைப் பொழுதுபோக்குக்காகக் கொன்றால்? அதை நான் ஏற்க மாட்டேன். தேவை என்ற ஒன்று நீங்கிவிட்டால் அங்கே மிஞ்சுவது வேடிக்கை மட்டும்தான். ஓர் உயிரின் விலைக்கு வேடிக்கை வாங்குவது மிகவும் மோசமான வியாபாரம்.

எல்லை தாண்டினால்

மேலே "மிங்க் இயற்கையாகவே வாழும் நாட்டில்" என்று ஒரு நிபந்தனை போட்டேன், கவனித்தீர்களா? அது சாதாரண நிபந்தனையல்ல.

ஐரோப்பாவுக்கு 1905-ஆம் ஆண்டு பிராகா நகருக்கு அருகே மஸ்க்ராட் கொண்டுவந்து விடப்பட்டது. அது பெருகிப் பரவி, கடல் மட்டத்தை ஒட்டிய நெதர்லாந்தின் கரைகளைத் தோண்டத் தொடங்கியது. அங்கே இதைப் பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். "அப்படியானால் அங்கேயும் அமெரிக்க மிங்க்கை அனுப்பலாமே!" என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். பிரிட்டனைப் பாருங்கள்.

ரோமத்துக்காக 1929-இல் பிரிட்டனுக்கு மிங்க் இறக்குமதியாயிற்று. கூண்டுகளிலிருந்து தப்பியவை ஆறுகளில் குடியேறின. 1956-இல் டெவன் பகுதியில் அவை காட்டில் குட்டி போடுவது உறுதியாயிற்று. அங்கே ஆற்றங்கரை வளைகளில் வாழும் நீர்வோல் என்னும் சாதுவான சிறு பிராணி ஒன்று உண்டு. மற்ற எதிரிகள் வந்தால் நீரில் குதிக்கும், அல்லது வளைக்குள் புகும். பெண் மிங்க் நீரிலும் நீந்தும், அந்த வளைக்குள்ளும் நுழையும். இரண்டு கதவுகளையும் ஒரே பிராணி அடைத்துவிட்டது! வாழிட அழிவும் சேர்ந்துகொள்ள, பிரிட்டனில் நீர்வோல்கள் பெரும்பாலான இடங்களில் மறைந்து போயின. இப்போது மிதவைப் பொறிகளை வைத்து மிங்க்கை அகற்றப் பாடுபடுகிறார்கள்.

யூட்டாவின் கரையைக் காக்கும் அதே மெல்லிய உடல்தான் பிரிட்டனில் அழிவைக் கொண்டுவந்தது. மிங்க் கெட்டதாகிவிடவில்லை. இடம் மாறிவிட்டது. அமெரிக்க மஸ்க்ராட் லட்சக்கணக்கான ஆண்டுகள் மிங்க்கோடு போராடித் தற்காப்பு கற்றது. நீர்வோலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காத் தீவுக்குக் கொண்டு போனார்கள், கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க. பெருகிய கீரிகளை 1883-இல் ஹவாய்த் தீவுகளுக்கும் கொண்டு சென்றார்கள். கீரி பகலில் திரியும். எலி இரவில் திரியும்! எலிகள் தப்பின. தரையில் முட்டையிடும் பறவைகளும் ஊர்வனவும் அழிந்தன. நியூசிலாந்தில் 1880-களில் முயலை ஒழிக்க விட்ட ஃபெரெட்டும் ஸ்டோட்டும் அந்நாட்டின் பறக்காத பறவைகளைச் சூறையாடியதும் இதே வகைதான்.

கூண்டுக்குள் இன்னொரு கதை

மிங்க்கைப் பற்றிப் பேசும்போது ரோமப் பண்ணைகளை மறைக்கக் கூடாது. நாள் முழுதும் நீரோடையில் அலையும் பிராணியைக் கம்பிக் கூண்டில் அடைத்து, தோலுக்காக வளர்க்கும் தொழில் அது. 2020-இல் கொரோனாக் கிருமி இந்தப் பண்ணைகளில் புகுந்தது. நெருக்கமான கூண்டுகளில் வேகமாகப் பரவி, மனிதர்களுக்கும் திரும்பி வந்தது. டென்மார்க் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க்குகளைக் கொல்ல உத்தரவிட்டது. அதே ஆண்டு யூட்டாவின் பண்ணைகளிலும் நோய் வந்தது; அங்கு காட்டு மிங்க் ஒன்றிலும் கிருமி காணப்பட்டது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த மிங்க்கின் மூளை, காட்டு மிங்க்கின் மூளையை விடச் சிறுத்துவிடுகிறது. ஆனால் போலந்தில் பண்ணையிலிருந்து தப்பிக் காட்டில் வாழும் மிங்க்குகளின் மண்டையோடுகளை அளந்து பார்த்தபோது, சுமார் 50 தலைமுறைகளுக்குள் மூளை ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. 2023-இல் வெளியான ஆராய்ச்சி இது. வாழ்க்கையில் வேலை இருந்தால் மூளைக்கும் வேலை இருக்கிறது! கூண்டில் கிடக்கும் மிங்க்கையும், நாயோடு கரையில் ஓடும் மிங்க்கையும் ஒப்பிடும்போது எனக்கு இந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

மூன்று கேள்விகள்

ஆகவே, விலங்கை வேலைக்கு வைக்கும் எவரிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த உயிரைக் கொல்லத் தேவை உண்மையிலேயே இருக்கிறதா? வேலை செய்யும் விலங்கு தன் சுபாவப்படி வாழ முடிகிறதா? அந்த விலங்கு அந்த மண்ணுக்கு உரியதா? மூன்றுக்கும் "ஆம்" என்று விடை வந்தால் நான் ஆதரிப்பேன். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எதிர்ப்பேன். யூட்டாக் கால்வாய்க் கரையில், கரை காக்கும் வேலைக்கு, மூன்றுக்கும் "ஆம்" என்றே எனக்குத் தோன்றுகிறது. கடல் தாண்டினால் மூன்றாவது விடை மாறிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு நாயையும் ஒரு கீரிக்குட்டியையும் கூட்டுச் சேர்க்கக் கிளம்பிவிடாதீர்கள்! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடித்து வளர்ப்பதும், நாயை விட்டு முயல் வேட்டையாடுவதும் குற்றம்.

அதற்குப் பதிலாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மேயும் மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் கால் பட்டுப் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளை அது கொத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்காருங்கள். மாட்டோடு நடக்கும் கொக்கு பத்து நிமிடத்தில் எத்தனை முறை கொத்துகிறது? தனியாக நிற்கும் கொக்கு எத்தனை முறை? எண்ணி எழுதுங்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டுதானா, இல்லை அதற்கும் மேலா என்பதை உங்கள் ஊர்ப் புல்வெளியே சொல்லிவிடும். யாரையும் கொல்லாமல்! பூச்சிகளைத் தவிர!